எழுபத்தைந்து சென்டிமீட்டர்

மன்னார்குடி வடசேரி ரோட்டில் எங்கள் ஆஸ்பத்திரி.
நாற்பது படுக்கை, ஆறு டயாலிசிஸ் மெஷின்,
பதினெட்டு கார் நிற்கிற இடத்தில்
இருபத்தாறு கார்.
நான் பராமரிப்பு.
ஏசி சொட்டினால், லிப்ட் நின்றால்,
யாருடைய வண்டியையாவது யாராவது இடித்தால்
முதலில் அடிப்பது என் போன்.

முன்பு இரும்புக் குழாய் நட்டிருந்தார்கள்.
போர் போட்டு மிஞ்சிய கேசிங் பைப்,
சாம்பல் பெயின்ட்.
மார்கழி விடியலில் பனியும் அதே சாம்பல்.
நாலு மணி ஷிப்டுக்கு மொபெட்டில் வந்த அடைக்கலம்
அதைப் பார்க்கவில்லை.
முழங்கால் சில்லு மூன்றாக உடைந்தது.
கிட்னிக்கு வந்தவரை எலும்புக்குச் சேர்த்தோம்.
பில்லில் கொஞ்சம் குறைத்தோம்.
குழாயில் ஒரு கீறல் இல்லை.

அதனால் இனி பிளாஸ்டிக்.

திருச்சியிலிருந்து சபரிகிரி வந்தார்,
சாக்குப் பையில் மூன்று மாதிரிக் கம்பங்களோடு.
"வளையும் மேடம், உடையாது. நாணல் மாதிரி."
நாணலை விடுங்கள் என்றேன்.
போன தையில் வந்திருந்தால் காட்டியிருப்பேன்,
பரவாக்கோட்டைப் பக்கம் நாற்பது மா சம்பா
கதிரோடு படுத்துக் கிடந்ததை.
எங்கள் பக்கம் மழைக்குச் சாய்ந்தது எதுவும்
மறுநாள் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.
அவர் சிரித்தார்.
நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

மூன்றையும் நட்டு வைத்தேன்.
கத்திரி முடிந்து போய்ப் பார்த்தால்
மலிவானது வெளுத்து
ஊசிப்போன கேசரி நிறத்தில் நின்றது.
நகத்தால் சுரண்டினேன், மாவு உதிர்ந்தது.
இரண்டாவது நிறம் காத்தது.
ஆனால் அறுவடை மெஷினில் கை மாட்டியவனை
ஏற்றி வந்த டாடா ஏஸ்
அதன் மேலேயே ஏறி நின்றது.
அடியோடு முறிந்தது கம்பம்.
அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
மூன்றாவதைப் பெரிய டாக்டர்
தினமும் ரிவர்ஸில் படுக்க வைப்பார்.
அவர் லிப்டுக்குப் போவதற்குள் எழுந்துவிடும்.
இன்றுவரை அவருக்குத் தெரியாது.

உயரத்தில்தான் தகராறு.
நாற்பத்தைந்து சென்டிமீட்டர் போதும், விலையும் குறைவு
என்றார் சபரிகிரி.
ஆம்புலன்ஸ் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
வாட்ச்மேன் ஞானசீலனைப் பின்னால் குந்தச் சொன்னேன்.
கண்ணாடியில் ஆள் இல்லை.
எழு என்றேன். இன்னும். இன்னும் கொஞ்சம்.
பாதி நாற்காலியாக அவர் நடுங்கி நின்றபோது
தொப்பி தெரிந்தது.
டேப் வைத்து அளந்தோம்: எழுபத்தைந்து.
"முதுகு போச்சும்மா," என்றார்.

இரவு லைட்டை அணைத்து
அவருடைய பைக் வெளிச்சத்தில் பட்டையைப் பார்த்தோம்.
ஒரு பட்டை போதாது,
ஐப்பசியில் கீழ்ப்பட்டையைச் சேறு தின்றுவிடும்.
இரண்டு வேண்டும்.

டாக்டரம்மா கேட்டார்,
கட்டடத்துக்குப் பொருத்தமாகச் சந்தன நிறம் உண்டா?
உண்டு என்றார் சபரிகிரி, படுபாவி.
பொருந்தாமல் இருக்கத்தானேம்மா வாங்குகிறோம்,
என்றேன்.
வாய் முந்திவிட்டது.

அக்கவுன்ட்ஸில் மெகருன்னிசா
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினாள்:
ஒன்றுக்கு அறுநூறு கூட, இருபத்திரண்டு கம்பம்.
அடைக்கலம் பில்லில் எவ்வளவு குறைத்தோம்? என்று கேட்டேன்.
எதையோ தட்டினாள்.
எண்ணைச் சொல்லவில்லை.
கையெழுத்துக்கு அனுப்பினாள்.

ஆடி இரண்டாம் வாரம் நட்டு முடித்தோம்,
ஒன்றுக்கு நாலு போல்ட்.
முதல் வியாழன், நாலு மணிக்கு
ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார் அடைக்கலம்.
ஊன்றுகோலால் ஒரு கம்பத்தைத் தள்ளினார்.
சாய்ந்தது. எழுந்தது.
மறுபடி தள்ளினார்.
"மஞ்சள் எனக்குப் பிடிக்காது," என்றார்.
ஆரஞ்சு அய்யா, என்றேன்.
"இந்நேரத்துக்கு மஞ்சளாத்தான் தெரியுது."
ரெண்டு அடி நடந்து நின்றார்.
"தெரியுது," என்றார்.